சந்து முனையில் வண்டி நிற்கும்

மார்ச் 4

அன்புள்ள அவசரத்துக்கு,

பயப்படாதே, கெட்ட செய்தி எதுவும் இல்லை. உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிப்போய்க் கிழித்திருப்பாய். என்ன செய்வது, போனில் "அப்பா" என்று ஆரம்பித்தாலே "கடையில ஆள் வந்திருக்காங்க அக்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். ஒரு கிட்டார் கடைக்கு அப்படி எத்தனை ஆள்தான் வருவார்களோ! கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேஜைமேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. பக்கவாதத்தில் விழுந்த வலது கையும் வலது காலும் இன்னும் வழிக்கு வரவில்லை. முன் அறையில், சந்து முனை தெரிகிற ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருக்கிறேன். நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரிகிறது. ஆனால் அவர் வாயிலிருந்து வருவது "தா" மட்டும்தான். தண்ணீருக்கும் தா, ஜன்னலைத் திறக்கவும் தா. என்மேல் கோபம் வந்தால் தா தா தா. முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டி, ரோட்டில் போகிற வருகிற எல்லோரையும் வாயாலேயே வழிக்குக் கொண்டுவந்த மனுஷன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் ஒரு அம்மா வருகிறார். போன வாரம் அவர் சொன்னார்: "பேசற வழியில அடைப்பு இருக்கும்மா. பாடற வழி வேற. சில பேருக்கு அது தெறந்தே இருக்கும். அவருக்கு மனசுல ஊறின பாட்டு ஏதாவது உண்டா?"

நான் ஸ்டாப் பாட்டைப் பற்றிச் சொன்னேன். அப்பா தன் ரூட்டில் இருக்கிற ஸ்டாப் பெயர்களை வரிசையாக ஒரு மெட்டில் போட்டு முனகிக்கொண்டே ஓட்டுவார், நாங்கள் இரண்டு பேரும் டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து கேட்டு வளர்ந்தோம் என்று. தண்ணித் தொட்டி, பள்ளிக்கூடம், பழைய பாலம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், டெப்போ. அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். பாட்டும் பேச்சும் ஒன்றாகவே இருக்கிறதே, இதைவிட என்ன வேண்டும் என்றார். முதல் ஆறு மாதத்தில் திறந்தால்தான் உண்டு, அதற்குப் பிறகு கஷ்டம் என்றும் சொன்னார். இப்போதே மூன்றாவது மாதம் நடக்கிறது.

நான் பாடிப் பார்த்தேன். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். என் குரலைப் பற்றி நீ என்ன சொல்ல வருகிறாய் என்று தெரியும், சொல்லாதே. கிட்டாரில் எனக்குத் தெரிந்தது நாலே நாலு சுரம்தான். மெட்டு உன் கையில் இருக்கிறது. பத்து வயதில் நீ முதன்முதலாகக் கிட்டாரில் கண்டுபிடித்து வாசித்ததே அந்தப் பாட்டைத்தான்.

மெதுவாக வாசித்து ரெக்கார்டு செய்து அனுப்பு. பாட்டைப் போனில் அனுப்பு, மற்றதைக் கடிதத்தில் எழுது.

உன் அக்கா

மார்ச் 11

அக்காவுக்கு,

பாட்டை அனுப்பிவிட்டேன். இந்நேரம் கேட்டிருப்பாய்.

மற்றதையும் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். அந்தப் பாட்டை நான் தொட்டு ஐந்து வருஷம் ஆகிறது. ஏன் என்று உனக்குத் தெரியும். போட்டியில் முதல் பரிசு வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்குகிறேன். ஸ்டாப் பாட்டையே வேக வாசிப்பாக மாற்றி நாற்பது செகண்டில் முடித்திருந்தேன். அதற்கு ஒரு வருஷ உழைப்பு. விரல் நுனி வெடித்து, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வாசித்திருக்கிறேன். என் நண்பர்கள் எல்லோரும் சுற்றி நிற்கிறார்கள். ஒருவன் அப்பாவிடம் "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டான். டூட்டியிலிருந்து யூனிபார்மோடு வந்திருந்த அப்பா சொன்னார்: "வண்டி நல்லா ஓடுச்சு. ஒரு ஸ்டாப்புலயும் நிக்கல. ஏற வேண்டியவங்க எல்லாம் ரோட்டுலயே நிக்கறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய்.

எனக்கு வேகம்தான் சோறு போடுகிறது. கடையில் வாரம் முழுவதும் வகுப்பு எடுக்கிறேன், வருகிற அத்தனை பேரும் வேகமாக வாசிக்கக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறார்கள். ஏப்ரலில் இன்னொரு போட்டி இருக்கிறது. மெதுவாக வாசித்தால் கை கெட்டுப்போகும். இருந்தாலும் நீ கேட்டாய் என்பதற்காகப் பாதி வேகத்தில் வாசித்திருக்கிறேன். அதற்குக் கீழே போனால் அது பாட்டாகவே இருக்காது.

தம்பி

மார்ச் 18

அன்புள்ள அவசரத்துக்கு,

உன் பாதி வேகம் ஊர் உலகத்துக்கு எக்ஸ்பிரஸ் வேகம்.

போனை அப்பாவின் தலைமாட்டில் வைத்துப் போட்டேன். முதல் இரண்டு சுரத்திலேயே நிமிர்ந்தார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது, பொய் சொல்லவில்லை. யார் வாசிக்கிறார்கள் என்று சொல்லவே தேவையிருக்கவில்லை. உதடு அசைந்தது. "த" என்று ஆரம்பித்தார். அதற்குள் நீ பள்ளிக்கூடம் தாண்டிப் பாலம் ஏறிவிட்டாய். விரட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தை அடித்து அடித்து அழ ஆரம்பித்துவிட்டார். பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் அப்படித்தான் ரோட்டில் நின்று கையை ஆட்டுவான். நான் போனை அணைத்துவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன்.

நான் சிரித்தது தப்பு. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அப்பா சொன்ன விதத்தில் சிரிப்பு வந்துவிட்டது, அப்புறம் உன் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மன்னித்துக்கொள்.

எனக்கும் ஒரு கோபம் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்தாய். இரண்டு நாள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாய். அவர் கண் திறக்கப் போகிறார் என்று டாக்டர் சொன்ன காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். கண் திறந்ததும் அப்பா என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார். நான் என்ன சொல்வேன்? கடையில் ஆள் வந்திருப்பதாகவா?

இன்னும் மெதுவாக வாசித்து அனுப்பு. நான் ஆஸ்பத்திரி லேபில் நாள் முழுக்க ரத்தம் எடுக்கிறவள். அவசரப்பட்டால் நரம்பு நழுவிவிடும். குழந்தைகளுக்கு எடுக்கும்போது ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பேன், குழந்தை தானாகக் கையைத் தளர விடும்வரை. உனக்குத்தான் இந்த வேலை ஒத்துவராது.

அக்கா

மார்ச் 26

அக்கா,

அப்பா கண் திறந்ததும் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். எவ்வளவு கோழைத்தனமானது என்று எழுதிப் பார்க்கும்போதுதான் தெரிகிறது. ஐந்து வருஷம் நான் பேசவில்லை. இப்போது நான் பேசினாலும் பதில் சொல்ல அவரால் முடியாது. உன் முதல் கடிதம் வந்ததிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ சிரித்ததை எப்போதோ மன்னித்துவிட்டேன். சொல்லாமல் வைத்திருந்தேன், சும்மா உன்னை மிரட்ட.

பாட்டைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். டிக் டிக் என்று தாளம் தட்டும் கருவியை நிமிடத்துக்கு அறுபதில் வைத்து, ஒரு மயிரிழை பிசகாமல் வாசித்திருக்கிறேன். என் வாழ்க்கையில் இவ்வளவு மெதுவாக எதையும் வாசித்ததில்லை. இதில் அப்பா நிச்சயம் ஏறிக்கொள்ளலாம்.

தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள அவசரத்துக்கு,

அப்பா தூங்கிவிட்டார்.

கோபித்துக்கொள்ளாதே. மூன்று நாள் போட்டுப் பார்த்தேன். மூன்று நாளும் மார்க்கெட் வருவதற்குள் குறட்டை. மெதுவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆளில்லாத வண்டி தானாக உருண்டு போகிற மாதிரி இருக்கிறது. பயிற்சி அம்மாகூட "தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா யாரும் வாசிக்கற மாதிரி இல்லையே" என்றார்.

ஆனால் நாலாவது நாள் ஒன்றைக் கவனித்தேன். போர்வை விலகியிருந்தது. அப்பாவின் இடது காலுக்கு ஒன்றுமில்லை, அது நன்றாக இருக்கிற கால். பாட்டு நடக்கும்போது அந்தக் கால் கட்டிலின் கால்மாட்டுப் பலகையை அழுத்துகிறது. அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்து, பிறகு விடுகிறது. எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. கிளட்சுடா! ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் முன்னால் கிளட்சை மிதிக்கிறார். ஆள் ஏறி முடித்ததும் விடுகிறார். விடும்போதுதான் உதடு அசைகிறது. அப்பாவுக்கு வாய் காலில் இருக்கிறது.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரே நேரம் நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நிறைய நேரம். பாலத்தில் தொட்டுக்கோ துடைச்சுக்கோ என்று கிளம்பிவிடுகிறார். மார்க்கெட்டில் கூடைகள் ஏற வேண்டாமா?

அப்பாவை மனதுக்குள் ஒரு தடவை ஓட்டச் சொன்னேன். புரிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டார். குதிகால் பலகையில் படுகிற சத்தத்தைப் பதிவு செய்து போனில் அனுப்பியிருக்கிறேன். உன் டிக் டிக் கருவியைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இதை வைத்துக்கொண்டு வாசி.

அக்கா

ஏப்ரல் 14

அக்கா,

அந்தச் சத்தத்தை முதல்முறை கேட்டுவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். வெறும் பலகைச் சத்தம். ஆனால் அது அப்பா.

இது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. வேகமாக வாசிப்பதில் கஷ்டம் என்றால் விரலுக்குத்தான். இதில் எங்கே கஷ்டம் என்றே தெரியவில்லை. கிட்டாரில் ஒரு சுரத்தை மீட்டியதும் அது தேய ஆரம்பித்துவிடும். தேய்ந்து முடிகிற வரைக்கும் கையைச் சும்மா வைத்திருக்க வேண்டும். கையைச் சும்மா வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை அக்கா. சத்தம் அடங்குகிறது என்றதும் விரல் தானாக ஓடிப்போய் எதையாவது வாசித்துவிடுகிறது. இத்தனை வருஷமும் நான் இந்த அமைதிக்குப் பயந்துதான் ஓடிக்கொண்டிருந்தேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இடது கை விரலால் அந்த ஒரு சுரத்தைப் பிடித்து லேசாக அசைத்து அசைத்து உயிரோடு வைத்திருந்தேன். குழந்தைகள் எல்லோரும் ஏறி முடிக்கும்வரை. என் வகுப்புப் பையன்களிடம் வாசித்துக் காட்டினேன். ஒருவன் "சார், நெட் கட் ஆயிடுச்சா?" என்றான்.

போட்டியில் மூன்றாவது பரிசு. வருத்தமில்லை என்றால் பொய். இரண்டு வாரம் கை வேறு பழக்கத்துக்குப் போயிருந்தது. பரவாயில்லை.

புதிதாக அனுப்பியிருப்பதைப் போட்டுக் காட்டு. அவர் தூங்கினால் எழுதாதே.

அவசரம்

ஏப்ரல் 21

என் தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் பாட்டு ஆரம்பித்தது. அப்பா காலை அழுத்தினார், நீ காத்திருந்தாய். அவர் காலை விட்டார். "தண்... ணித் தொட்டி" என்று பாடினார். பாடினாரடா! குழறலாக, மெட்டோடு, அவருடைய பழைய குரலில். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பயிற்சி அம்மா என் கையைப் பிடித்து அசையாதே என்று கண் காட்டினார். "பள்ளிக்கூடம்" வந்தது. "பழைய பாலம்" வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அப்பா வாயிலிருந்து மூன்று ஸ்டாப்.

அப்புறம் ஒன்று நடந்தது. பாலம் தாண்டியதும் காலை அழுத்தினார், விடவே இல்லை. பாட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது, மார்க்கெட்டுக்குப் போய்விட்டது, அவர் கால் அங்கேயே நின்றது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். பயிற்சி அம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

அது நம் சந்து முனை. பாலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில். அங்கே ஸ்டாப் கிடையாது, அதனால் பாட்டில் பெயரும் கிடையாது. அப்பா அந்த இடத்தில் "ம்ம்ம்" என்று இழுத்துவிட்டு நிறுத்துவார். பள்ளிக்கூடம் விட்டு வரும் நம்மை இறக்கிவிட. டெப்போவில் அதற்காக எச்சரிக்கை மெமோகூட வாங்கினார், உனக்கு நினைவிருக்கிறதா? நீ சின்ன வயதிலிருந்தே பாட்டில் அந்த இடம் வந்தால் ஒரு ஓட்டம் ஓட்டி நிரப்பிவிடுவாய். இப்போது அனுப்பியதிலும் அங்கே மட்டும் உன் விரல் ஓடியிருக்கிறது. போய்க் கேட்டுப் பார்.

எவ்வளவு நேரம் நிற்பார் என்று சொல்கிறேன். வண்டி நிற்பதற்கு முன்னால் ஒருநாள் குதித்து மோவாயைக் கிழித்துக்கொண்டாயே, அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. நீ மூன்று படியும் இறங்க வேண்டும், ஓடிப்போய் முனை வீட்டுச் சுவரைத் தொட வேண்டும், திரும்பிக் கையாட்ட வேண்டும். கண்ணாடியில் உன் கையைப் பார்க்கும்வரை அப்பா கிளட்சிலிருந்து காலை எடுக்கமாட்டார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பான். நான் மட்டும் வருகிற நாளில் இறங்கியதும் கிளம்பிவிடுவார், எனக்கு அந்த மரியாதை இல்லை. உனக்குத்தான்.

அக்கா

ஏப்ரல் 30

அக்கா,

கேட்டுப் பார்த்தேன். நீ சொன்னது சரி. அங்கே மட்டும் ஓடியிருக்கிறேன், ஓடியதே எனக்குத் தெரியவில்லை.

மோவாய்த் தழும்பைத் தினமும் ஷேவ் செய்யும்போது பார்க்கிறேன். அதனால்தான் வண்டி நின்றது என்பது எனக்குத் தெரியாது. எல்லாப் பஸ்ஸும் அப்படித்தான் நிற்கும் போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காக ஒரு ரூட் பஸ்ஸை நிறுத்திக்கொண்டு காத்திருந்திருக்கிறார், நான் அந்த இடத்தைத்தான் ஒவ்வொரு தடவையும் வாசித்து வாசித்து அடைத்திருக்கிறேன். மேடையில், அவர் முன்னாலேயே. ஒரு ஸ்டாப்பிலும் நிற்கவில்லை என்று அவர் சொன்னது கேலியே இல்லை அக்கா. எனக்கு இப்போதுதான் வலிக்கிறது.

நேரம் கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. கடை வாசலில் மூன்று படி இருக்கிறது. ஏழு வயதுப் பையன் மாதிரி இறங்கி, ஓடிப்போய்ப் பக்கத்துக் கடைச் சுவரைத் தொட்டு, திரும்பிக் கையாட்டினேன். நாலைந்து தடவை. முதலாளி வெளியே வந்து "உடம்பு கிடம்பு சரியில்லையாப்பா?" என்றார். பத்து செகண்ட் வருகிறது.

அதனால் பாலத்துக்குப் பிறகு பத்து செகண்ட் எதுவும் இருக்காது. ரெக்கார்டிங் கெட்டுப்போய்விட்டது என்று அணைத்துவிடாதே. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது பயமாக இல்லை.

தம்பி

மே 7

என் தம்பிக்கு,

நேற்றுச் சாயங்காலம் நானும் அப்பாவும் மட்டும் இருந்தோம். உன் பாட்டைப் போட்டேன். தண்ணித் தொட்டி, பள்ளிக்கூடம், பழைய பாலம் மூன்றும் ஒழுங்காக வந்தன. பிறகு நீ நிறுத்தினாய்.

அப்பா காலை அழுத்தினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை. போனில் உன் மூச்சு மட்டும் கேட்டது. அது உனக்குத் தெரியுமா, நீ மூச்சு விடுவதும் பதிவாகியிருக்கிறது. அப்பா ஜன்னல் வழியாகச் சந்து முனையைப் பார்த்தார். அப்புறம் மெட்டே இல்லாமல், பாட்டாக இல்லாமல், சும்மா பேசுகிற மாதிரி சொன்னார்:

"பாத்து எறங்குடா."

காலை விட்டார். சரியாக நீ ஆஸ்பத்திரியை ஆரம்பித்தாய். அவரும் சேர்ந்து பாடிக்கொண்டே டெப்போ வரை போனார்.

நான் அழுததில் பாதியை இங்கே எழுதவில்லை. பயிற்சி அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், அந்தப் பக்கம் அவரும் மூக்கை உறிஞ்சினார். பாட்டு வழியில் போய்ப் பேச்சு வழி கொஞ்சம் திறந்திருக்கிறதாம். இனிமேல்தான் நிறைய வேலை இருக்கிறது, ஆனால் நம்பிக்கையோடு செய்யலாம் என்றார்.

இத்தனை நாள் தண்ணீர் எடுத்துக் கொடுத்து, துடைத்துவிட்டு, திட்டு வாங்கினது நான். முதல் பேச்சு உனக்கு! இருக்கட்டும், உன்னைப் பிறகு கவனித்துக்கொள்கிறேன்.

அக்கா

மே 12

அக்கா,

வியாழக்கிழமை மாலை வருகிறேன். ஸ்டாண்டுக்கு வராதே. அப்பாவின் ரூட் பஸ்ஸிலேயே வருகிறேன். சந்து முனையில் நிறுத்தச் சொல்லி டிரைவரிடம் கெஞ்சிப் பார்க்கிறேன். நிறுத்தவில்லை என்றால் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கி, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு நடந்து வருகிறேன்.

எப்படி வந்தாலும் ஆறு மணிக்கு அப்பாவை ஜன்னலோரம் நிமிர்த்தி உட்கார வைத்திரு. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிக் கையாட்டுவேன். அவர் காலை எடுக்கும்வரை அங்கேயே நிற்கிறேன் என்று அவரிடம் சொல்.

அவசரம்